ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

இக்காலத்து வணிக நிலையங்களில் பேரேடு எழுதுவதும், சம்பளப் பட்டி ஆக்குவதும், கிடங்கிலுள்ள சரக்கை எண்ணி வைப்பதும் கணிப்பொறியின் தொழிலாகிவிட்டன. அத்தொழிலை அது செய்யுமாறு ஏவும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். மென்பொருளுக்கு எடையில்லை, கையால் தொடவும் இயலாது, அது ஓடும்போது புகையெழக் கண்டாரும் இலர். ஆயினும் அது ஓடுந்தோறும் எங்கோ ஓர் அறையில் சர்வர்கள் சூடேறுகின்றன. அச்சூட்டைத் தணிக்க விசிறிகள் சுழல்கின்றன. மாத முடிவில் மின்சாரக் கட்டணச் சீட்டு வந்து சேர்கின்றது. ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள்கள் இருக்குமானால், எது குறைந்த சக்தியைக் கொண்டு அதனைச் செய்து முடிக்கின்றது என்று கேட்பது முதலாளிக்கு இயல்பு. விடை கூறுவோர், முன்னது இத்தனை ஜூல் கொண்டது, பின்னது இத்தனை ஜூல் கொண்டது என்று கணக்கிட்டுக் காட்டுவர். வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்று நாம் வழங்குவது 36 லட்சம் ஜூலுக்குச் சமம்.

இவ்வளவையின் பெயர் ஒரு மனிதரின் பெயர். பௌதிக மாணவர் நாள்தோறும் அதனை உச்சரிப்பர். பெயருக்குரியவர் யார், எதை அளக்கப் புகுந்து எதைக் கண்டார் என்று சொல்ல வல்லாரோ சிலரே. தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாம் அயலார் வயலில் கதிர் பொறுக்கப் புகுவதேன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். கருவிகளைவிட அவற்றைக் கையாண்டவரின் வாழ்க்கை நம்மை ஈர்த்தது என்பதே நம் விடை. கணக்கில் பிழை காணும் பௌதிகப் பகுதியார் பொறுத்தருள்க.

மாஞ்செஸ்டர் நகரத்தை அடுத்து, இர்வெல் ஆற்றின் மறுகரையில், சால்போர்டு என்னும் ஊர் உளது. அங்கே 1818ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நாளில், ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல், பார்லியிலிருந்து பீர் வடிக்கும் சாலையொன்றின் உரிமையாளர், பெருஞ்செல்வர். தாயார் ஆலிஸ் பிரெஸ்காட். பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். இளமையிலேயே முதுகெலும்பில் ஒரு குறை நேர்ந்தமையால் உடல் மெலிந்தவராகவும், பிறர் முன் பேசக் கூசுபவராகவும் வளர்ந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திக் கற்பித்தனர். இவர் எப்பல்கலைக்கழகத்திலும் பயின்றவரல்லர் என்பதை மாணவர்களாகிய நாம் சற்றே வியப்புடன் குறித்துக்கொள்ளலாம். குடும்பப் பெயரை ஜூல் என்பதா, ஜௌல் என்பதா, ஜோல் என்பதா என்று ஆங்கிலேயரே இன்றளவும் வழக்காடுகின்றனர். தமிழில் நிலைத்துவிட்ட ஒலியையே நாம் பின்பற்றுகிறோம்.

1834ஆம் ஆண்டில் தந்தையார் தம் மைந்தர் இருவரையும் ஜான் டால்டனிடம் பாடங்கேட்க அனுப்பினார். அணுக்கொள்கையால் உலகப் புகழ் பெற்ற அம்முதியவர், மாஞ்செஸ்டர் இலக்கிய தத்துவச் சங்கத்தின் கட்டிடத்திலிருந்த தம் அறையில் சிறுவர்களுக்குக் கணக்குக் கற்பித்துச் சீவனம் நடத்திவந்தார். இரசாயனம் கற்கலாம் என்று ஆவலோடு சென்ற சகோதரருக்கு எண்கணிதமும் யூக்ளிடின் கேத்திர கணிதமுமே நெடுநாள் கிடைத்தன. 1837ஆம் ஆண்டில் டால்டனுக்குப் பாரிச வாயு கண்டதனால் படிப்பு அத்துடன் நின்றது. ஆயினும், கருவி எளியதாயினும் அளவு செவ்விதாயிருத்தல் வேண்டும் என்னும் பழக்கம் அவ்வாசிரியரிடமிருந்தே இவருக்கு ஒட்டியது என்பது நம் கருத்து.

அக்காலத்தில் இளைஞர்க்கு மின்சாரம் ஒரு புதிய விளையாட்டு. ஜூல் சகோதரர் ஒருவருக்கொருவர் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். வீட்டுப் பணியாளரையும் விட்டார்களில்லை. நொண்டிக் குதிரையொன்றின்மேலும் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தனராம். பணியாளருக்கு அது விளையாட்டாயிருந்திராது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

பதினைந்தாம் வயது முதலே ஜூல் தந்தையாரின் வடிசாலைக்குச் சென்று தொழில் பழகினார். மதுவை வெறுப்பார் இவ்விடத்தில் முகஞ் சுளிக்கலாம். ஆனால் இவர் விஞ்ஞானியானது அச்சாலையினால்தான். தானியத்தை ஊறவைக்கும் நீரின் சூடு சிறிது மிஞ்சினாலும் கெடும், சிறிது குறைந்தாலும் கெடும். ஆகவே வெப்பமானியை நம்பி, அதன் கோடுகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டையும் கண்ணால் பிடிக்கும் பயிற்சி அங்கே இன்றியமையாததாயிற்று. பிற்காலத்தில் ஒரு டிகிரியின் இருநூற்றிலொரு பங்கையும் தம்மால் படிக்கவியலும் என்று இவர் கூறியபோது கற்றோர் பலர் நம்ப மறுத்தனர். அவர்கள் வடிசாலையில் வேலை பார்த்தவரல்லர்.

அச்சாலையில் பம்புகளையும் ஏற்றப் பொறிகளையும் இயக்கியது நீராவி யந்திரம். அதற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குப் பணம் வேண்டும். 1830களிலோ ஐரோப்பா முழுவதும் ஒரு புதிய நம்பிக்கை பரவியிருந்தது. மின்காந்தங்களால் சுழலும் யந்திரம் நீராவியைத் துரத்திவிடும் என்றும், காந்தத்தின் இழுவிசையைப் பெருக்கிக்கொண்டே போனால் செலவின்றியே பெருவலி கிடைக்கும் என்றும் அறிஞரே பேசினர். 1838ஆம் ஆண்டில் யாக்கோபி என்பவர் ருஷ்ய நாட்டின் நேவா ஆற்றில் மின்யந்திரத்தால் ஒரு படகையே ஓட்டிக் காட்டினார். அவ்வாண்டிலேதான் ஜூலும் தாம் செய்த மின்காந்த யந்திரத்தைப் பற்றி வில்லியம் ஸ்டர்ஜன் நடத்திய மின்சார இதழில் முதற் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நம்மையொத்த வயதினர் ஒருவர் தந்தையின் சாலைக்கு நீராவியே வேண்டாம் என்று கனாக் கண்டதில் வியப்பில்லை. அக்கனவைத் தாமே அளந்து பார்க்கத் துணிந்ததுதான் வியப்பு.

அளப்பதற்கு ஒரு கோல் ஏற்கெனவே இருந்தது. கார்ன்வால் பகுதியின் வெள்ளீய, செம்புச் சுரங்கங்களிலிருந்து நீரை இறைக்க நீராவி யந்திரங்கள் இடைவிடாது உழைத்தன. அங்கே நிலக்கரி கிடையாது. கடல் கடந்து வேல்ஸ் நாட்டிலிருந்து வரவேண்டும். ஆதலால் சுரங்கத்தார் சிக்கனத்தில் கண்ணாயிருந்தனர். இவ்வளவு நிலக்கரியை எரித்து எத்தனை ராத்தல் நீரை ஓரடி உயர்த்திற்று என்று ஒவ்வொரு யந்திரத்துக்கும் கணக்கெடுத்து, அதனை யந்திரத்தின் டியூட்டி என்றனர். நாம் உழைப்பளவு என்போம். 1811ஆம் ஆண்டு முதல் ஜோயல் லீன் என்பவரும் அவருக்குப்பின் அவர் குடும்பத்தாரும் இக்கணக்குகளை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டனர். எவருடைய யந்திரம் எவ்வளவு உழைத்தது என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. விளைவு யாதெனில், தம் யந்திரத்தின் எண் அடுத்தவன் எண்ணுக்குத் தாழ்ந்திருக்கக் கண்ட பொறியாளர் வாளாவிருக்கவில்லை. சில பத்தாண்டுகளில் அப்பகுதியின் உழைப்பளவு பன்மடங்கு உயர்ந்தது.

ஜூல் தம் மின்யந்திரத்தையும் அதே தராசில் நிறுத்தினார். மின்கலத்தில் எரிபொருளாக நின்று கரைவது துத்தநாகம். ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்தால் யந்திரம் எவ்வளவு எடையை ஓரடி தூக்கும்? 1841ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டரில் நிகழ்த்திய சொற்பொழிவில் அவர் தந்த விடை 3,31,400 ராத்தல். அவர் எடுத்துக்கொண்ட கணக்கின்படி, கார்ன்வாலின் சிறந்த நீராவி யந்திரமோ ஒரு ராத்தல் நிலக்கரிக்கு 15,00,000 ராத்தலைத் தூக்கிற்று. அஃதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. துத்தநாகமோ நிலக்கரியைவிட மிக விலை உயர்ந்தது. மின்காந்த யந்திரம் சிக்கனத்தில் நீராவியை வெல்லும் என்னும் நம்பிக்கையைத் தாம் ஏறக்குறைய இழந்துவிட்டதாக இவர் பலரறியக் கூறினார். மூன்றாண்டு உழைப்பையும் இளமைக் கனவையும் தம் கையால் எழுதிய ஓர் எண்ணைக்கொண்டு தாமே வீழ்த்தினார். எண்ணைச் சற்றே மறைத்திருக்கலாம். உராய்வைச் சாக்குச் சொல்லியிருக்கலாம். இன்னும் பெரிய காந்தம் செய்தால் சரியாகிவிடும் என்று காலங் கடத்தியிருக்கலாம். அங்ஙனம் செய்தார் பலர் அக்காலத்தில் இருந்தனர்.

வணிக மென்பொருளின் சிக்கனத்தை அளக்கப் புகுந்தோர் இன்று செய்வதும் சுரங்கத்தாரின் இக்கணக்கையே. நீர் இறைப்பதில் வேலை இன்னது என்பது வெளிப்படை. இத்தனை ராத்தல், இத்தனை அடி. மென்பொருள் செய்யும் வேலையை எதைக்கொண்டு எண்ணுவது? முதலில் இதனைத் தீர்மானித்தாலன்றிச் சக்தியை அளப்பதில் பயனில்லை. சம்பளச் சீட்டு ஒன்றுக்கு இத்தனை ஜூல் என்று கூறலாம். சரக்குக் கட்டளை ஒன்றுக்கு, வாடிக்கையாளர் ஒருவருக்கு என்றும் கூறலாம். 2007ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் ஏடுகளை வரிசைப்படுத்தும் வேலையை எடுத்துக்கொண்டனர். நூறு பைட் நீளமுள்ள பதிவுகளைக் கோடிக்கணக்கில் கொடுத்து, ஒரு ஜூலுக்கு எத்தனை பதிவுகளை ஒழுங்குபட அடுக்கிற்று என்று கேட்கும் போட்டி அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஜூல் சார்ட். அதில் முந்தி நின்றது பெரிய சர்வரன்று. மடிக்கணினிக்கென்று செய்த செயலியையும் தட்டுகளையும் பூட்டிய பொறி. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்பெக் என்னும் அமைப்பு வேறொரு சோதனையை வெளியிட்டது. மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றின் கட்டளை, பணஞ்செலுத்தல், சரக்கு விடுதல் போன்ற நடவடிக்கைகளை ஒரு மென்பொருள் நடத்திக்கொண்டிருக்க, சுவர்ச் செருகிக்கும் சர்வருக்கும் இடையில் வைத்த அளவி மின்சாரத்தைக் குறித்துக்கொண்டே வரும். முழுப் பளுவில் தொடங்கிப் பத்துப் பத்து விழுக்காடாகக் குறைத்து, முடிவில் வேலை சிறிதுமின்றிச் சும்மா நிற்கும் நிலையையும் அளந்து, அனைத்தையும் கூட்டியே முடிவெண் தருவர். 2021ஆம் ஆண்டில் தோன்றிய பசுமை மென்பொருள் நிறுவனம் வகுத்த கணக்கு 2024இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. அதிலும் மென்பொருள் வெளிப்படுத்தும் கரியின் அளவை, செய்த வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துத்தான் சொல்லவேண்டும். துத்தநாகத்தின் இடத்தில் மின்சாரமும், தூக்கிய எடையின் இடத்தில் எழுதிய கணக்கும் வந்தன, வகுத்தல் மாறவில்லை.

ஜூலின் சரிதத்துக்குத் திரும்புவோம். யந்திரத்தின் உழைப்பை ஆராய்ந்த காலத்திலேயே, கம்பியில் வீணாகும் வெப்பத்தையும் இவர் கவனித்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். கம்பியின் தடை எவ்வளவோ அவ்வளவுக்கு வெப்பமும் மிகும். 1840ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதியனுப்பினார். அவர்கள் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டனர். முழுக் கட்டுரை அடுத்த ஆண்டு வேறோர் இதழில் வெளிவந்தது. கணிப்பொறியின் நுண்ணிய கம்பிகளில் எழும் சூடும் இவ்விதிக்கு உட்பட்டதே.

இவ்விடத்தில் ஒரு பெரிய ஐயம் எழுந்தது. வெப்பம் என்பது அழியாத ஒரு மெல்லிய பொருள், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாய்வதன்றிப் புதிதாகத் தோன்றுவதன்று என்பது அக்காலத்துக் கொள்கை. கையால் சுழற்றும் மின்னாக்கியினால் கம்பி சூடாகின்றதே, அச்சூடு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, சுழற்றிய உழைப்பே வெப்பமாயிற்று என்று ஜூல் துணிந்தார். துணிந்ததோடு நில்லாமல், எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு வெப்பம் என்று மாற்று விகிதம் காண முற்பட்டார். வணிகர் அல்லரோ! ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றுவார் போல, ஒரு ராத்தல் நீரைப் பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி சூடாக்குவதற்கு எத்தனை ராத்தல் எடை ஓரடி இறங்கவேண்டும் என்று கேட்டார். 1843ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில், மின்னாக்கிச் சோதனைகளால் கண்ட 838 என்னும் எண்ணை வெளியிட்டார். கேட்டவர்கள் வாய் திறக்கவில்லை. நுண்துளைகளின் வழியே நீரைச் செலுத்தி அளந்தபோது 770 வந்தது. காற்றை அமுக்கி அளந்த கட்டுரையை 1844இல் ராயல் சொஸைட்டி அச்சிட மறுத்தது. வேறோர் இதழில் 1845இல் வந்த அக்கட்டுரையின் எண் 798. எண்கள் இங்ஙனம் அலைந்தமை எதிர்ப்பவருக்கு வாய்ப்பாயிற்று. வழியெல்லாம் வேறாயிருந்தும் எண்கள் ஒரே வட்டாரத்தில் வந்து விழுகின்றனவே என்பதையே ஜூல் கண்டார்.

தாம் கண்டதைக் கற்றோர் கேளாதபோது ஊராரிடம் சொன்னார். 1847ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், மாஞ்செஸ்டரில் புனித அன்னாள் ஆலயத்தின் வாசிப்பறையில் பொதுமக்களுக்கு அவர் நிகழ்த்திய சொற்பொழிவில், இயற்கையின் ஆற்றல் உருமாறுமே யன்றி அழியாது என்று விளக்கினார். படைத்தவரே அழித்தற்கும் உரியவர், ஆதலின் மனிதர் கையில் ஆற்றல் இல்லாமற் போய்விடும் என்பது பொருந்தாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை அவர் ஒளிக்கவில்லை, அளப்பதற்குப் பதிலாக அதனை நிறுத்தவுமில்லை. நகரத்தின் செய்தித்தாளொன்று சொற்பொழிவை அச்சிட மறுக்க, மாஞ்செஸ்டர் கூரியர் முழுமையும் வெளியிட்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் பிரிட்டிஷ் சங்கம் கூடிற்று. நேரமில்லை, கட்டுரையைப் படிக்காமல் சுருங்கச் சொல்லிவிடுக என்றார் தலைவர். கூச்சமுள்ள ஜூல் அங்ஙனமே சொல்லி அமர்ந்திருப்பார். விஷயமும் அத்துடன் புதைந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன் இருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். அப்போதுதான் இருபத்து மூன்று வயதை எட்டியவர். முதலில் இது பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்றெண்ணிக் கேட்கத் தொடங்கியவர், கேட்கக் கேட்க இதில் ஒரு பேருண்மை உளது என்று உணர்ந்தார். அன்று தொடங்கிய நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

ஆகஸ்டு மாதம் ஜூல் அமீலியா கிரைம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். மணமக்கள் ஆல்ப்ஸ் மலைச்சாரலுக்குச் சென்றிருந்தபோது தாம்ஸன் தற்செயலாக அவர்களை வழியில் சந்தித்தார். உயரத்திலிருந்து விழும் நீர் அடியில் சிறிது சூடாயிருக்கவேண்டும் அல்லவா? அதனை அருவியிலேயே அளந்து பார்க்க ஜூல் எண்ணியிருந்தார். இருவரும் முயன்றனர், சலான்ஷ் அருகிலுள்ள அருவி பாதி வழியிலேயே திவலையாய்ச் சிதறிவிட்டபடியால் அளவு கைகூடவில்லை. புதுமணத் தலைவர் நீண்ட வெப்பமானியைக் கையிலேந்தி நின்றார் என்று பிற்காலத்தில் கதை வளர்த்தனர். கதையை நாம் முழுதும் நம்பவேண்டியதில்லை.

இவருடைய புகழ் நிலைபெற்ற சோதனை 1849ஆம் ஆண்டில் முடிந்து அடுத்த ஆண்டு அச்சேறியது. இதனைச் சற்று விரித்துரைப்போம். செப்புப் பாத்திரத்தில் நீர். அதனுள் பித்தளைத் துடுப்புச் சக்கரம். சக்கரத்தின் கைகள் நிலையான தகடுகளினூடே சென்று நீரைக் கலக்கும். சக்கரத்தை இருபுறமும் கயிற்றில் தொங்கும் ஈயக் கட்டிகள் சுழற்றும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 ராத்தல். அவை 63 அங்குலம் இறங்கியதும் மீண்டும் மேலேற்றி இறக்குவர். இங்ஙனம் இருபது முறை. முப்பத்தைந்து நிமிடம் உழைத்த பின் நீரின் சூடு அரை டிகிரிக்குச் சற்று மேலாக ஏறியிருக்கும். அவ்வளவே! அவ்வரை டிகிரியை நம்பிப் பெரியதொரு கொள்கையை நிறுத்தவேண்டுமானால், அதில் கலந்துவிட்ட அயற்சூட்டையெல்லாம் களைய வேண்டும். சூடு சீராக நிற்கும் விசாலமான நிலவறையில் ஜூல் சோதனையை நடத்தினார். அளப்பவரின் உடற்சூடு தாக்காதபடி நடுவே மரத்திரை நிறுத்தினார். ஒவ்வொரு சோதனைக்கும் இணையாக, கட்டிகளை இறக்காமல் அதே நேரம் பாத்திரத்தைச் சும்மா வைத்திருந்து, அறையின் காற்றே எவ்வளவு சூட்டைத் தந்தது அல்லது கவர்ந்தது என்று பார்த்துக் கழித்தார். கப்பிகளின் உராய்வைக் கழித்தார். கட்டிகள் தரையைத் தொடும்போது எஞ்சியிருந்த வேகத்தைக் கழித்தார். வார்ப்பிரும்புத் தட்டுகளை உரசிச் செய்த வேறொரு சோதனையில் மெல்லிய ஓசை எழுந்தது. ஓசையும் உழைப்பின் ஒரு பங்கை உண்டதல்லவா? அத்துணை ஓசையைப் பெருவயலின் நரம்பில் எழுப்ப எவ்வளவு உழைப்பு வேண்டுமென்று மதிப்பிட்டு அதனையும் கணக்கில் சேர்த்தார். நீரினாலும் பாதரசத்தினாலும் இரும்பினாலும் வந்த எண்கள் நெருங்கி நின்றன. நீரின் எண்ணை ஏற்று 772 என்று முடித்தார்.

சும்மா நின்ற பாத்திரத்தை அளந்த இச்செயலைப் பற்றி ஒரு சொல். வணிக மென்பொருளின் கணக்கில் மிகவும் ஏமாற்றுவது இதுவே. 2007ஆம் ஆண்டில் பரோசோ, ஹோல்ஸ்லே என்னும் கூகுள் நிறுவனப் பொறியாளர் இருவர் எழுதிய கட்டுரையொன்று, சர்வர்கள் பெரும்பாலும் தம் ஆற்றலில் பத்து முதல் ஐம்பது விழுக்காடு வரையே உழைக்கின்றன என்றும், சிக்கனமானதெனப் பெயர்பெற்ற சர்வரும் வேலை ஏதுமின்றி நிற்கையில் முழுப் பளுவில் கொள்ளும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைக் கொள்கின்றது என்றும் காட்டிற்று. மாதக் கடைசியில் ஒருநாள் சம்பளக் கணக்கைப் போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் காத்திருக்கும் பொறியின் செலவை, அந்த ஒருநாளின் ஓட்டத்தை மட்டும் அளந்து கூறினால் மென்பொருள் மிகச் சிக்கனமாகவே தோன்றும். காத்திருத்தலையும் கூட்டினால் கணக்கு வேறு. எதைக் கழிப்பது, எதைச் சேர்ப்பது என்பதை முன்னரே சொல்லாமல் தரும் எண்ணை ஜூல் ஏற்றிருக்கமாட்டார்.

1850ஆம் ஆண்டில் இவரை மறுத்த ராயல் சொஸைட்டியே இவரை உறுப்பினராக்கிற்று. 1852இல் ராயல் பதக்கமும் 1870இல் காப்ளி பதக்கமும் வந்தன. தாம்ஸனோடு சேர்ந்து 1852 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகள் வாயுக்களை ஆராய்ந்தார். அடைப்பினூடே கசிந்து விரியும் வாயு குளிரும் என்னும் அவர்களுடைய முடிவு பிற்காலத்தில் காற்றைத் திரவமாக்கும் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. ஜெர்மானிய வைத்தியர் மேயர் 1842இலேயே இம்மாற்று விகிதத்தை எழுதியிருந்தமையால் முதன்மை யாருக்கு என்ற வழக்கொன்றும் நெடுநாள் நடந்தது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கருத்தை முந்தியுரைத்தவர் மேயர், நிறுத்துக் காட்டியவர் ஜூல்.

வீட்டில் துயரம் சூழ்ந்தது. 1854ஆம் ஆண்டில் மனைவியார் இறந்தார். அவ்வாண்டு பிறந்த மகவும் சின்னாட்களே உயிர் வாழ்ந்தது. மகன் ஒருவனும் மகள் ஒருத்தியும் எஞ்சினர். ஏறக்குறைய அக்காலத்திலேயே வடிசாலையும் விற்கப்பட்டது. ஜூல் மேலும் ஒதுங்கி வாழ்ந்தார். வீட்டருகே சோதனைக்காக நீராவி யந்திரம் வைத்தபோது அண்டை வீட்டார் ஆட்சேபித்தனர். செல்வம் படிப்படியாகக் கரைந்தது. 1878ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது.

முதுமையில் நேர்ந்த ஒன்றை நாம் விட்டுவிடலாகாது. மின்தடைக்குப் பிரிட்டிஷ் சங்கம் ஓர் அளவை வகுத்திருந்தது. அதனைக் கொண்டு மின்சாரத்தால் நீரைச் சூடாக்கி 1867இல் ஜூல் மீண்டும் அளந்தபோது 783 வந்தது. தமது பழைய 772 எங்கே, இந்த 783 எங்கே? இரண்டும் மெய்யாக இருக்கவியலாது. முதியவர் துடுப்புச் சக்கரத்தை மறுபடியும் கட்டினார். 1878இல் அச்சேறிய முடிவு 772.55. பிழை துடுப்பில் இல்லை, சங்கத்தின் தடையளவையில் இருந்தது. அது உரியதைவிட நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மிகுதியாகக் குறைந்திருந்ததைப் பிறரும் பின்னர் உறுதிப்படுத்தினர். இன்று கணிப்பொறிச் செயலிகளுக்குள்ளேயே சக்தியை எண்ணும் எண்ணிகள் உள. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செயலிகளில் அவ்வெண்ணி ஒரு ஜூலை 65,536 பங்காக்கி, அதில் ஒரு பங்கையும் குறித்து வைத்தது. மென்பொருள் எழுதுவோர் இருந்த இடத்திலிருந்தே அதனைப் படிக்கலாம், எளிது. ஆயினும் அது செயலியையும் நினைவகத்தையும் சார்ந்த செலவையே சொல்லும். விசிறியும் மின்வழங்கியும் தட்டும் கொள்வதைச் சொல்லாது. ஆகவே கவனமுள்ளோர் சுவரருகே தனி அளவியும் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பர்.

சக்திக்குரிய அளவைக்கு ஜூலின் பெயரை இடலாம் என்று 1882இல் வில்லியம் சீமென்ஸ் பிரிட்டிஷ் சங்கத்தில் எடுத்துரைத்தார். 1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள், மாஞ்செஸ்டரை அடுத்த சேல் என்னும் ஊரில், எழுபது வயது நிரம்பிய ஜூல் உயிர் நீத்தார். புரூக்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில், யோவான் சுவிசேஷத்தின் ஒரு வசனத்தோடு 772.55 என்னும் எண்ணையும் வெட்டியிருக்கின்றனர். இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட எண் 778க்குச் சற்று மேல். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 1893ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகர மண்டபத்தின் வாயிலில் இவருக்குச் சிலை வைத்தனர். எதிர்ப்புறத்தில் இருப்பது, கணக்குக் கற்பித்த டால்டனின் சிலை.